பன்னிரண்டு இரவல் தலைகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் எனக்கு முட்டிவலி ஒன்றைத் தவிர எல்லாம் சுகம், அப்பாவுக்கு வாய்க்கொழுப்பு ஒன்றைத் தவிர எல்லாம் குறைந்திருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

இங்கே நடந்த கூத்தைக் கேள். நம் பங்குக் கோவிலில் முதலில் வந்து குடியேறியவர்களுக்கு அவர்கள் பாஷையில் காலைப் பூசை, கடைசியாக வந்த நமக்குச் சாப்பிட்டுக் கண்ணைச் சொருகும் இரண்டு மணித் தமிழ்ப் பூசை என்பது உனக்குத் தெரியும். போன மாதம் சாமியார், ஐம்பது பேர் வராத பூசையை நிறுத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவு, வருகிற ஞாயிறு தலை எண்ணப்போகிறோம் என்றார். நாமோ முப்பத்தெட்டுப் பேர். உன் பிள்ளைக்கு நம் பாஷையில்தான் ஞானஸ்நானம் என்று நேர்ந்திருக்கிறேனே, விடுவேனா? நேரே பேக்கரிக்காரம்மாவிடம் போனேன். அவள் காலைப் பூசைக்காரி, பாட்டுக்குழுவுக்குத் தலைவி. ஒருநாள் உங்க ஆளுங்களை இரவல் குடுங்க என்றேன். குறும்பில் அவள் எனக்கு அக்கா! தன்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிவந்துவிட்டாள். தமிழில் ஓர் எழுத்து தெரியாமல் நம்மைவிடச் சத்தமாகப் பாடினார்கள். பூசை எந்தப் பாஷையானாலும் ஒன்றுதானே, எழ வேண்டிய இடத்தில் எழுந்தார்கள், முழந்தாளிட வேண்டிய இடத்தில் முழந்தாளிட்டார்கள். வாசலில் நின்று தலை எண்ணிய கோவில்பிள்ளை ஐம்பது என்று எழுதிக்கொண்டார். அப்பா மீசையை முறுக்கினார்.

எண்ணுகிறவரை ஏமாற்றிய புத்திசாலிகள், நன்மை அப்பம் கொடுக்கிற சாமியாரை மறந்துபோனோம்! காலையில் அவர் கையால் நன்மை வாங்கிய பன்னிரண்டு முகமும் மறுபடி வரிசையில் வர, சாமியார் ஒவ்வொன்றாகப் பார்த்தார், கடைசியில் என்னையும் பார்த்தார். பூசை முடிந்ததும் கூப்பிட்டனுப்பினார். ஏம்மா இந்தத் திருட்டுத்தனம், இந்த ஊர்ப் பேச்சுதான் உங்களுக்கு நல்லா வருதே, அந்தப் பூசைக்கே வரலாமே என்றார். சாமான் வாங்க வருது, சண்டை போட வருது, செபம்தான் சாமி வரமாட்டேங்குது என்றேன். அவரும் எங்கிருந்தோ தன்னந்தனியாக வந்தவர்தானே, நம் தமிழையே எழுத்துக்கூட்டிப் படித்துப் பூசை வைக்கிறவர், அவர் பாஷை பேச இந்தப் பங்கில் ஒரு நாதி கிடையாது. என் பாஷையில பூசை கேட்டுப் பதினோரு வருஷமாச்சும்மா என்றார். அப்புறம், உள்ளே இருந்தது ஐம்பது தலைதானே, பொய்யில்லையே என்று சொல்லி எண்ணிக்கைத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருஷமும் எண்ணுவார்களாம், அதற்கு நிஜத் தலைகளை நான் தேடிக்கொள்கிறேன். நீ டிக்கெட் போட்டு வந்து சேர். பிள்ளையின் வெள்ளைச் சட்டையை மறக்காதே, மாப்பிள்ளையை மறந்தாலும் சமாளிக்கலாம். ஞானஸ்நானம் முடிந்ததும் பிள்ளை தலையில் கைவைத்து உங்க பாஷையில ஒரு செபம் சொல்லணும் என்று சாமியாரிடம் கேட்டிருக்கிறேன். எங்களில் ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியாது. ஆமென் மட்டும் ஐம்பது பேரும் சேர்ந்து சொல்வோம்.

மாதா உங்கள் மூவரையும் காக்கட்டும்.

முத்தங்களுடன்,
உன் கள்ளி அம்மா