கேட்காத கேள்விக்கு எண்பத்திரண்டு மார்க்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம்தான், என் வலது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது, நான் அதைக் கண்டுகொள்வதில்லை. நீயும் மருமகளும் குட்டிப்பயலும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்ற தைரியத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் தம்பி ஒருவழியாக மூன்றாவது தடவையில் கார் ஓட்டும் லைசென்ஸ் வாங்கிவிட்டான், முதல் இரண்டு தடவையும் கம்பத்தை இடித்தவன், இப்போது அப்பாவுக்கே ஓட்டச் சொல்லித் தருகிறான். பல் டாக்டரிடம் எனக்கு வேலை எப்போதும் போலத்தான், காலையிலிருந்து மதியம் வரை வரவேற்பு மேசை, பிறகு பல்கலைக்கழகம். வருகைப் பதிவு இயந்திரத்துக்கு என் விரல் ரேகை பிடிக்கவில்லை, பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகையும் தேய்ந்துவிட்டது போலிருக்கிறது, எண்பது சதவீதம் வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்பதால் தினமும் அதோடு ஒரு குஸ்தி போட்டுவிட்டுத்தான் வகுப்புக்குள் நுழைகிறேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்னைப் பேசவே விடவில்லை. "பாஸ் போட்டுட்டாங்கல்ல, விடும்மா, எதுக்கு வம்பு" என்று சொல்லிவிட்டுக் குழந்தை அழுகிறான் என்று வைத்துவிட்டாய். குழந்தை அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது அல்லவா, அதனால் முழுவதையும் படி.

முதல் வருடக் கடைசியில் எங்களுக்கு ஒரு களப்பணி உண்டு. ஆளுக்கொரு விஷயத்தை எடுத்து, நேரில் போய்ப் பார்த்து, அளந்து, கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும், பிறகு இரண்டு பேர் முன்னால் உட்கார்ந்து அதைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். வாய்மொழித் தேர்வு, எங்கள் பாஷையில் வைவா. புவியியல் மாணவி என்பதால் நான் நம் பகுதியில் மழைத் தண்ணீர் எங்கெங்கே எவ்வளவு தேங்குகிறது என்பதை எடுத்தேன். ஆறு இடங்கள். முழங்கால் வரை பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஸ்கேலும் கையுமாக நின்ற என்னைப் பார்த்து மருந்துக்கடைக்காரர் என்ன தொலைத்துவிட்டேன் என்று கேட்டார். இருபத்தெட்டுப் பக்கம் எழுதினேன், ஒரு வரி கூட இன்னொருவருடையது இல்லை, எடுத்த இடத்திலெல்லாம் யாருடையது என்று அடியில் போட்டிருந்தேன். வைவாவுக்கு முந்தின வாரம் கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று எனக்கு நானே கேள்வி கேட்டுக்கொண்டேன், அப்பா எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

என் முறை வந்தது. உள்ளே எங்கள் இளம் விரிவுரையாளர், உன் வயதுதான் இருக்கும், பக்கத்தில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர். என்னைக் கண்டதும் விரிவுரையாளர் எழுந்தே நின்றுவிட்டார். "உக்காருங்கம்மா. எங்கம்மாவும் உங்க வயசுதான், போன்ல ஒரு மெசேஜ் அனுப்பத் தெரியாது. நீங்க இந்த வயசுல இவ்ளோ தூரம் வந்ததே பெருசு" என்றார். வெளியாள் என் கட்டுரையை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "பையன் என்ன பண்றார்?" என்று கேட்டார். நீ எங்கே இருக்கிறாய், என்ன வேலை, எத்தனை குழந்தை என்று எல்லாம் சொன்னேன். "ரொம்ப சந்தோஷம், நீங்க போகலாம்" என்று கும்பிட்டார்கள். அவ்வளவுதான் என் தேர்வு. முடிவு வந்தபோது எனக்கு எண்பத்திரண்டு. நன்றாக யோசித்துப் பார், அவர்கள் கேட்டது எல்லாம் உன்னைப் பற்றித்தான், அந்த எண்பத்திரண்டும் நீ வாங்கினது.

அன்றைக்கு எனக்கு அடுத்துப் போனவள் எங்கள் வகுப்பில் ஒல்லி என்று கூப்பிடப்படும் பெண். இரவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து படிக்கிறவள். அவளை உள்ளே வைத்து வறுத்தெடுத்துவிட்டார்கள். வெளியே வரும்போது மூக்கு சிவந்து கிடந்தது. முடிவில் அவள் பெயில். தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பிடித்து, "ஆன்ட்டி, உங்ககிட்ட என்னென்ன கேட்டாங்க? எனக்கு ஒண்ணுமே ஓடல" என்று கேட்டாள். டீ வேண்டுமா என்று கேட்டார்கள் என்றேன். ஜோக் என்று நினைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னை ரொம்பப் படுத்திவிட்டது பெரியவனே. அவளுடைய கட்டுரையை நான் படித்திருக்கிறேன், என்னுடையதைவிட மோசம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஒருவேளை மோசமாகவே இருக்கட்டும், அவளைக் கேட்டுப் பார்த்துவிட்டு மோசம் என்றார்கள், என்னைக் கேட்காமலே நன்று என்றார்கள். கிழவிக்கு எதுவும் தெரியாது, போகட்டும் பாவம் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டுப் போட்ட மார்க்குக்குப் பெயர் மரியாதை என்றால் அந்த மரியாதை எனக்கு வேண்டாம்.

மாணவர் விதிப் புத்தகத்தில் எல்லாம் தெளிவாகவே இருக்கிறது. வைவா ஒவ்வொருவருக்கும் குறைந்தது கால்மணி நேரம், கேள்விகள் ஆய்வு செய்த முறையைப் பற்றியும் கிடைத்த முடிவைப் பற்றியும் இருக்க வேண்டும், திருப்தி இல்லாதவர் மறுதேர்வு கேட்கலாம், மார்க் ஏறலாம், இறங்கலாம், பிந்தையதே செல்லும். மறுதேர்வு கேட்டு ஒரு மனு எழுதி எடுத்துக்கொண்டு தேர்வுப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் நிமிராமலே "எத்தனை மார்க் குறையுது?" என்றார். குறையவில்லை, கூடியிருக்கிறது என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டு, "இங்க வாங்க சார், இந்தம்மாவுக்கு மார்க்கு அதிகமா இருக்காம்" என்று காட்டினார், ஏதோ இரண்டு தலை ஆட்டுக்குட்டியைப் பார்ப்பது போல இருவரும் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார், ஆனால் வாங்கிக்கொண்டார்.

மறுநாளே துறைத்தலைவர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர், நாற்காலி போடச் சொன்னார். விரிவுரையாளரும் ஓரமாக நின்றார், முகம் செத்துப்போயிருந்தது. "விதி இருக்கும்மா, இல்லேன்னு சொல்லல. ஆனா மனுஷத்தன்மைன்னு ஒண்ணு இருக்கில்ல? அந்தப் பையன் உங்க மேல உள்ள மரியாதையிலதான செஞ்சான்" என்றார் தலைவர். அந்த மனுஷத்தன்மை எனக்கு அடுத்து வந்த பெண்ணுக்கு ஏன் சார் மிச்சம் இல்லாமல் போனது என்று கேட்டேன். அவர் பேச்சை மாற்றினார். மறுதேர்வில் தவறினால் இந்தத் தாள் போய்விடும், இரண்டாம் வருடத்தோடு சேர்த்துச் சுமக்க வேண்டிவரும், இந்த வயதில் தேவையா என்றார். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பிறகு வீட்டுக்கு வந்து நினைத்துப் பார்த்தும் ஒரு சொல்லைக் கூடத் திரும்ப வாங்கத் தோன்றவில்லை. "எனக்குத் தெரியலேன்னா தெரியலேன்னு போடுங்க சார். கேட்டுப் பாத்துட்டுப் போடுங்க. வயசுக்கு மார்க் போடறதா இருந்தா நான் வீட்லயே உக்காந்து வாங்கியிருப்பேன்" என்றேன். விரிவுரையாளர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவர் மேல் கோபம் இல்லையா என்று கேட்டால், இருந்தது, நிறையவே இருந்தது. அவருடைய அம்மாவுக்கும் மெசேஜ் அனுப்பக் கற்றுக்கொடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

இதற்குள் வகுப்புக்கு விஷயம் போய்விட்டது. எல்லாருக்கும் திரும்ப வைவா வைக்கப் போகிறார்கள் என்று எவனோ கிளப்பிவிட்டான், போன் குழுவில் என்னைத் துவைத்துக் காயப்போட்டார்கள். வகுப்புத் தலைவன் நேரிலேயே வந்து, "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்றான். ஆண்டியா ஆன்ட்டியா, சரியாகச் சொல் என்றேன். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது, ஆனாலும் ஒரு வாரம் யாரும் என் பெஞ்சில் உட்காரவில்லை. ஒல்லியும் கூட. அவளுக்கு என்ன பயமென்றால், மறுதேர்வு கேட்டால் துறைக்காரர்கள் மனதில் வைத்துக்கொள்வார்கள் என்று. வீட்டில் அப்பா வேறு, "குடுத்த மார்க்கை வேணாம்னு சொல்ற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்றார். நீயும் போனை வைத்துவிட்டாய். ஆக, ஊரில் என் பக்கம் பேசினது விதிப் புத்தகம் ஒன்றுதான், அதற்கு வாய் கிடையாது. அழுதேனா என்றால் அழுதேன், வெங்காயம் நறுக்கும்போது சேர்த்து அழுதுவிட்டேன். ஆனால் மனுவைத் திரும்ப வாங்கவில்லை.

மறுதேர்வு அன்று காலையில் நான் சொல்லாமலே அப்பா பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னை இறக்கிவிட்டு, என் பையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே வேறு துறையிலிருந்து வந்த ஒரு பேராசிரியை, கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார், கூட இன்னொருவர். வணக்கம் சொன்னேன், உட்காருங்கள் என்றார், உபசாரம் அதோடு சரி. என் கட்டுரை முழுக்கப் பென்சில் கோடு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, என் எழுத்தை ஒருவர் உண்மையாகவே படித்திருக்கிறார். ஏன் இந்த ஆறு இடம் என்று கேட்டார், சொன்னேன். தரை எந்தப் பக்கம் சரிகிறது, எப்படித் தெரியும் என்றார், சொன்னேன், படமும் போட்டுக் காட்டினேன், தலையாட்டினார். பிறகு, எப்போது அளந்தீர்கள் என்றார். பள்ளிக்கூட வாசலில் மழை விட்டதுமே அளந்தேன், மருந்துக்கடை முனையில் மறுநாள் வேலைக்குப் போகிற வழியில், மற்றதெல்லாம் கை ஒழிந்தபோது. "அப்ப நீங்க அளந்தது தண்ணி தேங்கின ஆழத்தையா, உங்களுக்கு நேரம் கிடைச்ச வரிசையையா?" என்றார். குனிந்து என் கட்டுரையைப் பார்த்தேன். ஒரு ராத்திரியில் வடிந்துபோன தண்ணீரை, வடியாத தண்ணீரோடு ஒப்பிட்டு இருபத்தெட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன், ஒரு நிமிஷம் கூட எனக்கு அது உறைக்கவில்லை. வேலைக்குப் போய்விட்டு வந்துதானே மேடம் அளக்க முடியும் என்றேன். "அது காரணம். பதில் இல்ல" என்றார். உண்மைதான். தெரியாது, தப்பாக அளந்துவிட்டேன் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

நாற்பத்து மூன்று. பாஸுக்கு இரண்டு குறைவு. பெயில். ஆமாம், உன் அம்மா பெயில், அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும் அப்படியே சொல்கிறேன், நீயும் மருமகள் வீட்டில் கேட்டால் அப்படியே சொல், மூடி மறைக்காதே. வெளியே வந்து அப்பாவிடம் சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்புறம் ஏன்டி சிரிக்கற?" என்றார். நான் சிரித்துக்கொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கேட்டார்கள், சொன்னேன், பாதி சரி, பாதி தப்பு, அதற்கு நாற்பத்து மூன்று. ஒரு மார்க்கும் யாரும் போட்ட பிச்சை இல்லை. எண்பத்திரண்டு வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, நாற்பத்து மூன்று வந்த அன்று இரண்டு தட்டு சாப்பிட்டேன். நீ போனில் எதுக்கு வம்பு என்று கேட்டாயே, இதற்குத்தான்.

எனக்கு முடிந்த மறுநாள் ஒல்லியும் மனு கொடுத்துவிட்டாள், அதே பேராசிரியைதான், ஐம்பத்தொன்று வாங்கிப் பாஸ் ஆனாள். அவள் மேல் ஒன்றும் தனியாகப் பரிவு காட்டவில்லை, நேரம் கொடுத்துக் கேட்டார்கள், அவளுக்குத் தெரிந்திருந்தது. இனிமேல் யாரிடம் என்ன கேள்வி கேட்டோம் என்று தேர்வாளர்கள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று துறையில் சுற்றறிக்கை வந்திருக்கிறது, வகுப்பில் அதற்கு என் பெயரையே வைத்துவிட்டார்கள், ஆன்ட்டி சட்டமாம். விரிவுரையாளர் என்னிடம் முன்னைப் போல இளித்துப் பேசுவதில்லை, போன வாரம் என் வீட்டுப்பாடத்தில் மூன்று இடத்தில் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார். இதுதான் சரி.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. அடுத்த மழைக்காலத்தில் நான் அந்தக் களப்பணியை முதலிலிருந்து செய்ய வேண்டும், இந்த முறை மழை விட்டதும் ஆறு இடத்திலும் ஒரே நேரத்தில் அளக்கப் போகிறேன். ஒருத்தியால் ஆகாது. அளவெடுக்க ஆள் வைத்துக்கொள்ளலாமா என்று பேராசிரியையிடமே கேட்டுவிட்டேன், வைத்துக்கொள்ளலாம், ஆனால் யார் யார் என்று கட்டுரையில் சொல்லிவிட வேண்டும், எழுதுவது நான் மட்டும்தான். அப்பா ஒரு இடம், உன் தம்பி ஒரு இடம், ஒல்லி ஒரு இடம், சங்கு ஊதினேன் என்றானே அந்த வகுப்புத் தலைவனும் வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு இடம் கேட்டு வாங்கிக்கொண்டான். எனக்குப் பள்ளிக்கூட வாசல். மருந்துக்கடை முனைக்கு இன்னும் ஆள் இல்லை. வருடாவருடம் லீவில் வருகிறேன் என்று சொல்லிச் சொல்லித் தள்ளிப்போடுகிறாயே, இந்த முறை மழைக்கு வா. அங்கேதான் ஆழம் அதிகம், உயரமான ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கொண்டு வா, குட்டிப்பயலுக்கும் ஒரு ஜோடி. வந்து, நான் சொல்கிற இடத்தில் நின்று, நான் சொல்கிற நிமிஷத்தில் அளந்து, கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும், அம்மா பாஸ் ஆகட்டும் என்று ஒரு செண்டிமீட்டர் கூட்டிச் சொன்னால் காதைத் திருகுவேன்.

மருமகளுக்கு என் அன்பு, அவள் விட்டுவிட்ட படிப்பைப் பற்றி நான் கேட்டதாகச் சொல். குட்டிப்பயலுக்கு முத்தம். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், யாருக்கும் தலை குனியாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல், பூட்ஸை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
ஒரு அரியர் வைத்திருக்கும்
உன் அம்மா