தோணாவைத் தேடிய பாடம்

அன்பு மச்சாளுக்கு,

நீ இருந்திருந்தால் இந்த மழைக்குள் நான் செய்த வேலைக்கு என்னை நன்றாகத் திட்டியிருப்பாய். "என்ட பாடத்தைக் குழப்பிப்போட்டாய் கா" என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே தேத்தண்ணி ஊற்றித் தந்திருப்பாய். திட்டுவதற்கு நீ இல்லை. அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

எட்டாம் வகுப்பை இப்போது நான்தான் எடுக்கிறேன். நீ கண்ணை மூடிய பிறகு அதிபர் அதை என் தலையில் கட்டிவிட்டார். பிள்ளைகள் தேடிப் படிக்க இணையத்தில் நீ செய்து வைத்த பாடப் பக்கம் இன்னும் திறக்கிறது, மேலே உன் பெயரும் இருக்கிறது.

அந்தப் பாடத்தில் கேள்வி ஒன்று, வழி மூன்று. நம்முடைய ஊரில் விழும் மழைத்தண்ணீர் எந்த வழியால் ஆற்றுக்குப் போகிறது? நன்றாக வாசிக்கிற பிள்ளைகளுக்குச் செய்திகளும் அறிக்கைகளும் வைத்திருந்தாய். கேட்டுப் படிக்கிற பிள்ளைகள் போனில் பேசித் தேடலாம். எழுத்தே பிடிபடாத பிள்ளைகளுக்கு, வானத்திலிருந்து எடுத்த நம் ஊர்ப் படங்கள், வருசம் வருசமாக. கடைசியில் எல்லாரும் ஒன்றாக இருந்து ஒரே வரைபடத்தைக் கீற வேண்டும்.

அந்த மூன்றாவது வழியை நீ யாருக்காகச் செய்தாய் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். எழுத்துகள் கண்ணுக்கு முன்னால் ஓடுகின்றன என்று அழுகிற உன் மகள் கிருஷா ஒரு நாள் அந்த வகுப்புக்கு வருவாள் என்றுதான். "படம் பார்க்கிற கூட்டம்" என்று சக ஆசிரியர்கள் நக்கலடித்தபோது நீ சிரித்துக்கொண்டு நின்றாய். அன்று வீட்டுக்கு வந்து சட்டிபானைகளை நீ போட்ட போட்டில்தான் உன் கோபம் எனக்கு விளங்கியது.

இந்த வருசம் அவள் எட்டாம் வகுப்பு, மச்சாள்.

முதல் கூட்டம் எங்கோ ஒரு பெரிய நகரத்து வடிகாலைப் பற்றி அழகாக எழுதிக்கொண்டு வந்தது. இரண்டாவது கூட்டம் போனிடம் "தோணா" என்று கேட்டது. போன் அதைத் தோணி என்று எழுதி, விதவிதமான தோணிகளைக் காட்டியது. மாரியில் மட்டும் ஓடி வெள்ளத்தை ஆற்றில் கொண்டுபோய் விடும் நம்முடைய தோணாவை அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலும். வகுப்பு முழுக்கச் சிரிப்பு, நானும் சேர்ந்து சிரித்தேன்.

மூன்றாவது கூட்டத்துக்குச் சொல்லே தேவைப்படவில்லை. கிருஷா திரையில் விரலை வைத்துப் ஊருக்குப் பின்னாலுள்ள வட்டையிலிருந்து, அந்த வயல்வெளி முடிகிற இடத்திலிருந்து, ஒரு கரும்பச்சைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஆறு வரைக்கும் போனாள். நீ வைத்த எல்லா வருசப் படத்திலும் அந்தக் கோடு இருந்தது. உன் இணையப் பக்கத்தில் படங்கள் சில வருசங்களுக்கு முன்னாலேயே நின்றுவிடுகின்றன. இந்த வருசத்துப் படத்தைச் சேர்த்தது நான்.

அந்தப் படத்தில் கோடு பாதி வழியில் நின்றது. நின்ற இடத்தில் ஒரு சிவப்பு ஓட்டுக் கூரை.

பள்ளிக்கூடத்தில் அவள் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு மறந்துவிட்டாள்.

"மாமி, இது எங்கட வீடு."

பெண் பிள்ளை பிறந்தால் தாய்க்கு வீட்டு யோசனை வந்துவிடும், நம் பக்கத்து வழக்கம். நீயும் மகளுக்கென்று அந்தப் பள்ளக் காணியை வாங்கினாய். படிப்பு ஏறாவிட்டாலும் அவளுக்கென்று நாலு சுவர் இருக்க வேண்டும் என்றாய். கிரவல் மண் போட்டு நிரப்பி, வீடு கட்டி, சுற்றி மதிலும் எழுப்பினாய். பால் காய்ச்சிய அன்று வந்தவர்கள் எல்லாரும் மதிலைத்தான் புகழ்ந்தார்கள். தண்ணீர் இனி எங்கே போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. நீ காணி நிரப்பியதற்கு முந்திய வருசத்தோடு உன் இணையப் பக்கத்துப் படங்கள் ஏன் நின்றன? அடுத்த படத்தைத் தேட நேரம் கிடைக்கவில்லையா? அல்லது பார்த்துவிட்டுத்தான் நிறுத்தினாயா? இதை நினைத்து நினைத்து எனக்கு நித்திரை இல்லை.

மழை விட்டபாடில்லை. ஆறும் ஏறிக்கொண்டு வருகிறது, அது கடலில் சேரும் முகத்துவாரத்து மணலை இன்னும் வெட்டவில்லை. உன் வீட்டு முன்வளவில், முற்றத்தில், தண்ணீர் நிற்கவில்லை. மதிலுக்குப் பின்னால், அடுத்த வளவுகளில், தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. கறுத்துப்போய், அசையாமல் கிடக்கிறது. மலசலகூடக் குழிகள் நிரம்பிவிட்டன. நேற்று ஒரு வீட்டுக் குசினி அடுப்படிக்குப் பாம்பு வந்ததாம். ஆனாலும் அந்தச் சனம் ஒரு சொல் சொல்லவில்லை, அவர்களுடைய பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நீ என்பதால். சண்டைக்கு வந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திராது.

உன் அவரிடம், என் அண்ணனிடம், மதிலை உடைக்க வேண்டும் என்று சொன்னேன். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "அவள் கட்டின மதில்ல கை வைக்க என்னால ஏலா, தங்கச்சி."

வகுப்பில் வரைபடம் கீறும்போது மற்றப் பிள்ளைகள் கிருஷாவிடம் கோட்டைக் கொஞ்சம் வளைக்கச் சொன்னார்கள், நீ கட்டிய வீடாச்சே என்று. அவள் வளைக்கவில்லை. உன் மதிலுக்குள்ளால், குசினி ஓரமாக, நேரே ஆற்றுக்குக் கீறிவிட்டாள். மூன்று கூட்டமும் அதன் கீழே பெயர் எழுதியிருக்கிறது. தன் பெயரை அவளும் எழுத்துக் கூட்டி எழுதியிருக்கிறாள். நீ பார்த்திருக்க வேண்டும்.

இன்று பின்னேரம் என் கையைப் பிடித்து மதிலடிக்குக் கூட்டிப்போனாள். அடிக்கல்லில் ஈரம் ஊறி, ஒரு வெடிப்பு என் விரல் போகிற அளவுக்கு வந்திருந்தது. அவள் காதை வைத்துக் கேட்டாள்.

"மாமி, தண்ணி வழி தேடுது. நாம திறக்காட்டி அதே திறக்கும். ராவைக்கு நாங்க உள்ளுக்க படுத்திருப்பம்தானே?"

மச்சாள், அவளுடைய அறை அந்த மதிலை ஒட்டித்தான் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை முடித்ததும் போய் அவளை என் வீட்டுக்குக் கூட்டி வருகிறேன், அண்ணனையும் இழுத்துக்கொண்டு. விடிந்ததும் பின் வளவுச் சனத்தோடு வந்து உன் மதிலை உடைப்பேன். மதில் போதாதென்றால் உன் குசினிச் சுவரையும். நீ ஆசை ஆசையாகக் கட்டியது என்று எனக்குத் தெரியும், உடைக்கும்போது அழுவேன் என்றும் தெரியும். ஆனாலும் உன் மகள் கீறிய கோட்டை நான் வளைக்க மாட்டேன்.

உனக்கு மச்சாள்,
உன் பிள்ளைக்கு மாமி.