மீட்டர் போர்டுக்குச் சந்தனம்

மட்டாஞ்சேரி
22-10-1981

சிரஞ்சீவி சிவராமகிருஷ்ணனுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே வண்டியைத் தவிர எல்லோரும் சௌக்கியம். நாக்பூரில் குளிர் ஆரம்பித்திருக்கும். உன் சௌக்கியத்தை எழுது.

நீ ரயில் பார்சலில் அனுப்பிய மீட்டர் போர்டு உடையாமல் வந்து சேர்ந்தது. நம் லாரியில் இருந்த பழையதைத்தான் உனக்குத் தெரியுமே. டீசல் முள் எப்போதும் பாதியில், சூட்டு முள் எப்போதும் படுக்கையில். ஓடினாலும் நின்றாலும் ஒன்றுதான். டீசலுக்கு உன் அப்பா டாங்கில் குச்சி விட்டுப் பார்ப்பார். சூட்டைப் பார்ப்பதே இல்லை. யூதத் தெருச் சரக்குக் கிட்டங்கியில் சுக்கு ஏற்றும்போதெல்லாம், என் எஞ்சின் சூடே அறியாது என்று சொல்லி எல்லோருக்கும் சாயா வாங்கித் தருவார். அவர்களும் தலையாட்டுவார்கள். சாயா வாங்கித் தருகிறவரை யார் மறுப்பார்கள்.

ஒர்க்‌ஷாப் சேவியர் சேட்டன் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார். கோயமுத்தூருக்கு முதல் லோடு. ஆலுவா தாண்டியதும் சூட்டு முள் எழுந்ததாம். குதிரான் மலை ஏற்றத்தில் சிவப்பில் போய் நின்றதாம். டிரைவர் சுப்புராஜ் வழியெல்லாம் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினான். லோடு தாமதம். அப்பா தீர்ப்புச் சொன்னார்: பையன் ஏமாந்துவிட்டான், கோளாறுள்ள சாமானை அவன் தலையில் கட்டிவிட்டார்கள், இத்தனை வருஷம் சூடாகாத எஞ்சின் போர்டு மாற்றியதும் சூடாகுமா. பழையதையே மாட்டச் சொன்னார். சுப்புராஜ் ஒப்பவில்லை. "சிவப்பைக் கண்ணால பாத்துட்டேன் சாமி. இனி பாக்காத மாதிரி ஓட்ட வராது." அவன் போனால் வேறு ஆள் இல்லை. எஞ்சின் போனால் சோறே இல்லை, நமக்கு இருப்பது அந்த ஒரு வண்டி. இதைச் சொன்னேன். "நீ பி.ஏ.யில படிச்சது சரித்திரமாக்கும், எஞ்சினில்லை" என்றார்.

இதற்குள் ஆயுத பூஜை வந்தது. வண்டியைக் கழுவி மாலை போட்டு, மீட்டர் கண்ணாடிகளுக்கு அப்பாவே சந்தனம் வைத்தார். மற்றவற்றுக்கு ஒரு பொட்டு. சூட்டுக் கண்ணாடிக்கு மட்டும் உள்ளங்கை அளவு. அதற்குத்தான் கிரகம் சரியில்லையாம். பூஜைச் சந்தனம், தானாக உதிரும் வரை கை படக் கூடாது. சுப்புராஜும் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சிவப்பு தெரியவில்லை, ஆகவே சிவப்பு இல்லை. இருவருக்கும் நிம்மதி. இப்படி ஒரு சமாதானத்தை நான் சரித்திரத்தில் படித்ததில்லை.

அடுத்த லோடு. குதிரானில் எல்லா லாரிக்காரர்களையும் போல சாஸ்தா கோயிலில் காசு போட நிறுத்தியிருக்கிறான். இறங்குவதற்குள் பானட்டிலிருந்து ஆவி. எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் சூட்டில் போய்விட்டது. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். சேவியர் சேட்டன் திறந்து பார்த்தால் ரேடியேட்டரில் பாதி துருச் சேறு. இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் எஞ்சின் இறுகியிருக்கும் என்றார். அப்பா உடனே சாஸ்தாவுக்கு ஒரு நெய் விளக்கு நேர்ந்துகொண்டார். ரேடியேட்டரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று ரேடியேட்டர் வேலையெல்லாம் முடிந்து வண்டியை ஓட்டிப் பார்க்க எடுத்தார்கள். நான் ஏறினேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வண்டிக்குள் நான் உட்கார்ந்ததில்லை. சந்தனம் காய்ந்து ஓடாகியிருந்தது. புடவைத் தலைப்பை நனைத்து, நகத்தால் சுரண்டித் துடைத்தேன். கீழே நின்ற அப்பா, அபசாரம் என்றார். சுப்புராஜ் தெருவைப் பார்த்தான். பிறகு எஞ்சினைக் கிளப்பினான். கடைத்தெருவைச் சுற்றி வந்தோம். முள் மெல்ல எழுந்து நடுவில் நின்றது. அதற்குமேல் போகவில்லை. வாசலில் நிறுத்தியதும் அப்பா ஃபுட்போர்டில் ஏறி அதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இறங்கிப் போய்க் கால் கழுவினார்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. ஹோட்டல் சாம்பாரை நம்பாதே. தீர்க்காயுசாக, மனசு குளிர்ந்து இரு. ஒன்றை மறக்காமல் எழுது. முள் எந்தக் கோட்டைத் தாண்டினால் வண்டியை நிறுத்த வேண்டும்? இதை நான் கேட்டதாகவே எழுதச் சொல்லி ஒருவர் என் தோளுக்குப் பின்னால் நிற்கிறார். பதிலை என் பெயருக்கே போடு. எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், அவர் கண்ணாடி பழையது.

உன் அம்மா
ஜெயலக்ஷ்மி