கருணை அடிப்படையில்

காலையில் கருணைக்கிழங்கு நறுக்கினேன். புளித்தண்ணீரில் கழுவியும் கை அரிப்பு நிற்கவில்லை. அந்தக் கையோடுதான் ‘கருணை அடிப்படையில் பணி நியமனம்’ கேட்கும் மனுவை எடுத்துக்கொண்டு பழனிசெட்டிபட்டியில் பஸ் ஏறினேன்.

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. அடுத்த மாதம் எனக்கு ஐம்பது நிறைகிறது; அதுதான் வயது வரம்பு. அதற்குள் மனு பதிவாகாவிட்டால் எனக்கு வழியில்லை. தன் பெயரில் போடுகிறேன் என்று நம் மகள் கல்லூரியை விட்டு நின்றுவிடுவாள். அவள் பிடிவாதம் உங்களுக்குத் தெரியும்.

தாலுகா அலுவலகத்தில் இதே மனுக்களைத்தான் நீங்கள் வருடக்கணக்காகப் பார்த்தீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே கிழங்குக் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டீர்கள்: “கருணைங்கிறத இங்கிலீஷ்ல கம்பேஷன்னு போட்டுத்தான் மேல அனுப்புறோம். எம்.ஏ. இங்கிலீஷ் படிச்ச மகராசி, அதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லு.”

லத்தீனிலிருந்து வந்தது என்றேன். முன்பாதிக்குக் ‘கூட’ என்று பொருள். பின்பாதி பாடுபடுவது, வலியைத் தாங்குவது. ஆஸ்பத்திரியில் சொல்கிற ‘பேஷண்ட்’டுக்கும் அதே வேர்தான்.

“அப்ப தப்பாவுல்ல போடுறோம்! அவுக நிக்கிறாக, நாங்க ஃபேனுக்கடியில உக்காந்துருக்கோம். கூட எங்கன வலிக்குது?”

“இந்தக் கருணையாவது நாக்க அரிக்குதுல்ல” என்றேன். சிரித்தீர்கள்.

அப்போது குச்சனூரிலிருந்து, கணவரை இழந்த ஓர் அம்மா இதே மனுவோடு உங்களிடம் நடையாய் நடந்துகொண்டிருந்தார். “டிகிரி படிச்சவுகதானே, வேற வேலை தேடலாம்ல? செத்தவர் நாற்காலிய எதுக்குக் கேட்டு நிக்கணும்?” என்றும் சொல்லிவைத்தேன். சிரிப்பு நின்றது. “நீ சொன்ன அர்த்தத்துல கூடன்னு ஒண்ணு இருந்துச்சு. அத மட்டும் விட்டுட்டுப் பேசுற.” தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டீர்கள்.

கடைசி வாரம், ஆஸ்பத்திரியில், “நான் பேஷண்ட், நீ கம்பேஷன், ஒரே வேரு” என்று சிரிக்கப் பார்த்தீர்கள். வேர் ஒன்றாக இருந்து என்ன? உங்கள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். வலித்தது உங்களுக்கு மட்டும்தான்.

இன்று தேனி கலெக்டர் அலுவலகத்தில், பெஞ்சில் பக்கத்திலிருந்த சின்னமனூர்ப் பெண் கேட்டார்: “அக்கா, ஒங்களுக்கும் வீட்டுக்காரகளா?” தலையாட்டினேன். “எனக்கு இது நாலாவது நடை. சேலைய இம்புட்டு நல்லதா உடுத்தி வந்துருக்கீக, பாக்குறவுக கஷ்டம்னு நம்புவாகளா?”

மனுவை வாங்கியவர் ஓரிடத்தில் விரலை வைத்தார். “இதக் காலியா விட்டுருக்கீகளே. ஒங்க கையால எழுதணும்.” ‘ஆதரவளிக்க வேறு எவரேனும் உள்ளனரா?’ மூன்று நாளாக எழுத முடியாமல் விட்டுவைத்த இடம். பேனா நகரவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது.

அந்தப் பெண் எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார். “இல்லைன்னு எழுதுங்கக்கா. மொதத் தடவ எனக்கும் கை வரல. எழுதுங்க, நான் இங்கனதான் நிக்கிறேன்.”

எழுதினேன். முத்திரை வைத்து வாங்கிக்கொண்டார்கள். வேலை வருமா என்று யாரும் சொல்லவில்லை. விசாரிக்க வீட்டுக்கு வருவார்களாம். ஆதரவுக்கு யாருமில்லையா என்று மறுபடியும் கேட்பார்கள். இல்லை என்றுதான் சொல்வேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். எழுதியபோது அந்தப் பெண்ணின் கை என் தோளில் இருந்தது.