நாற்பது மரத்து உறுதி

மாம்புரி,
1934 ஆவணி 12.

அன்புள்ள அப்பாவுக்கு,

மன்னார் மீன்வாடியில் நீங்கள் சுகமாயிருக்க அந்தோனியாரை மன்றாடி, மகள் அல்பொன்சா எழுதுவது. வாசித்துக் காட்டும் பீற்றர் அண்ணன், தயவுசெய்து ஒரு வரியும் விடவேண்டாம்.

நில அளவைக்காரர் நம் தோட்டத்தில் எல்லைக் கட்டை அடித்துவிட்டார்கள். உரிமையுள்ளவர்கள் புரட்டாதி பத்தாம் திகதி கற்பிட்டியில் நடக்கும் விசாரணைக்கு வரவேண்டுமாம். வராவிட்டால் நிலம் முடிக்குரியதாகிவிடும். அலுமாரியில் இருந்த அப்பப்பாவின் உறுதிப் பத்திரத்தை எடுத்து வாசித்தேன். அதில் "தென்னைமரம் நாற்பது" என்று மட்டுமே இருக்கிறது. மண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை. "மரம் எங்கட எண்டால் அது நிக்கிற மண் வேற ஆருடையதாம்?" என்று அம்மா சிரித்தார். துரைமார் மரத்தை அல்ல, ஏக்கரைத்தான் எண்ணுகிறார்கள் என்றேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

கட்டை வந்ததிலிருந்து ஊர்க்கதையும் மாறிவிட்டது. வெறும் கிணறாக இருந்ததைப் பக்கத்து வளவு யூஜீனியா மாமி இப்போது "எங்கட கிணறு" என்கிறார். நம் பக்கம் விழுந்த ஓலையை யார் எடுத்தது என்று நானும் நேற்று எட்டிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

லோறன்ஸ் மாமா உங்களுக்கு ஒரு பத்திரம் அனுப்பியிருக்கிறார். அதன்படி விசாரணையில் சிலாபத்து முதலாளி முழு நிலத்தையும் தன் பெயரில் கேட்பாராம். நாங்கள் உயிருள்ளவரை தேங்காய் பறிக்கலாமாம். அதற்குப் பிறகு யார் பறிப்பது என்று கேட்டேன். "புத்தகம் படிச்சு வாய் நீண்டு போச்சு உனக்கு" என்றார். அதில் பெருவிரல் வைக்கவேண்டாம் அப்பா.

நமக்குச் சாட்சி உண்டு. நம் குடும்பத்தில் ஒவ்வொரு பிள்ளையின் ஞானஸ்நானத்தன்றும் ஒரு கன்று நடுகிறோமே, அப்பப்பா காலம் முதல் அந்தத் திகதிகள் கோயில் புத்தகத்தில் இருக்கின்றன. மரத்திலும் ஓலை விழுந்த தழும்புகள் இருக்கின்றன. கன்று மரமாக எழும்ப நாலைந்து வருடம், பிறகு வருடத்துக்குப் பன்னிரண்டு தழும்பளவில் என்று பள்ளிக்கூடத்துச் சிஸ்டர் சொன்னார். ஏணி வைத்து என் மரத்தில் நூற்றிருபத்தாறு எண்ணினேன், என் பதினைந்து வயதுக்குச் சரியாக வருகிறது. அம்மா கீழே நின்று ஏசினார். அறுபது வருடமாக இந்த மண்ணை நாம்தான் ஆண்டுவருகிறோம் என்று காட்ட இது போதாதா? துரையின் முன் நானே எடுத்துச் சொல்வேன். ஆனால் உரிமை கேட்க நீங்கள் நிற்கவேண்டும். வலையைப் பங்காளியிடம் விட்டு எட்டாம் திகதிக்குள் வாருங்கள்.

அம்மா கிணற்றடியில் ஒரு தேங்காயை முளைக்க வைத்திருக்கிறார். யாருடைய ஞானஸ்நானத்துக்கென்று கேட்டேன். நீங்கள் வந்ததும் சொல்வாராம். மார்கழிக்குள் அதை எங்கே நடுவது என்று நீங்கள்தான் காட்டவேண்டும்.

உங்கள் கீழ்ப்படிவுள்ள மகள்,
அல்பொன்சா பஸ்தியான்