முழுசா எடுத்துடுங்க

மகளின் அப்பாவுக்கு,

உள்ளே எதை எடுத்தார்கள் என்று அவள் கேட்டால் நான் என்ன சொல்வது?

கட்டியை மட்டும் எடுத்துச் சினைப்பையைக் காப்பாற்றலாம் என்றுதான் டாக்டர் நம்மிடம் சொல்லியிருந்தார். ஆபரேஷன் நடுவே அவர் வெளியே வந்து கேட்டபோது நான் மருந்துக் கடையில் நின்றிருந்தேன். "முழுசா எடுத்துடுங்க" என்று நீங்கள் சொன்னதை இன்று நர்ஸ் சொல்லித்தான் அறிந்தேன். என்னிடம் "டாக்டர் முடிவு" என்றீர்கள்.

"இன்னொண்ணு இருக்கே" என்று சமாதானம் வேறு. இரண்டு கண்ணில் ஒன்று போதுமென்று யாராவது சொல்வார்களா?

மறுநாள் தொடர்கிறேன். விழித்ததும் அவளே கேட்டாள்.

"சினைப்பையோட முழுசா எடுத்துட்டாங்கல்லம்மா? கட்டி மறுபடி வளர்ந்தா மறுபடி அறுப்பாங்களேன்னு நான்தான் அப்பாகிட்ட கெஞ்சினேன். உன்கிட்ட சொன்னா கிளாஸ் எடுப்பே."

ஆமாம் என்றேன். ஜடை போட்டுவிடச் சொன்னாள். போட்டேன்.

அவள் அம்மா