றோஸ் பள்ளத்தாக்கு

ஹொல்ஸ்டெப்ரோ, டென்மார்க்
7.10.2024

அன்பின் றோஸ்,

மகள் வீட்டில் நீ சுகமாக இருப்பாய். கோபித்துக்கொண்டு கோல்டிங் போனவள் மாரிக்கு முன் திரும்பிவிடுவாய் என்று பார்த்தேன். கதைக்க ஆளில்லாமல் ரேடியோவுக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

இங்கே நூலகத்தில் பழைய வரைபடங்களைக் கழித்து விற்றார்கள். அதற்குள் 1979இல் ஓமானில் நில அளவைக் கம்பனியில் நாங்கள் வரைந்த மலைப்படம் ஒன்று! தாள் முழுக்கப் பாலைவன மலை, உயரம் காட்டும் பழுப்புக் கோடுகள். இடப்பெயர்களை மையால் எழுதியவன் நான். ஒரு வறண்ட பள்ளத்தாக்குக்குப் பெயர் வந்து சேரவில்லை. உன் பெயரை எழுதிவிட்டேன். வெள்ளைக்காரத் துரைமார் கவனிக்கவில்லை, அப்படியே அச்சாகிவிட்டது.

சுவரில் மாட்டியிருக்கிறேன். வந்து பார். வந்தால் திரும்பிப் போகாதே. இந்த வீட்டில் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது.

உன்
ஸ்ரனிஸ்லாஸ்

கோல்டிங்
14.10.2024

கிளோறியாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மகள் வாசித்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அந்த வருடம்தான் மன்னாரில் நம் மூத்தவன் பிறந்தான். பெயர் வைப்பது தகப்பன், யோசித்து எழுதுகிறேன், பொறு என்று எழுதினீர்கள். நானும் ஞானஸ்நானத்தைத் தள்ளிவைத்துவிட்டு, தபால்காரனின் மணி கேட்கும்போதெல்லாம் பிள்ளையோடு படலைக்கு ஓடினேன். காய்ச்சல் முற்றியபோது சுவாமியாரைக் கூப்பிட நேரமில்லை. மருத்துவிச்சி தவமணியக்காதான் ஞானஸ்நானம் கொடுக்கத் தண்ணீரை எடுத்துக்கொண்டு, "என்ன பேர் வைக்க? கெதியாச் சொல்லு பிள்ளை" என்றா. நானே ஒன்றைச் சொன்னேன். அந்தப் பெயரோடு அவன் போய்விட்டான்.

நீங்களோ அப்போது ஆளில்லாத பள்ளத்தாக்குக்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள். எனக்குச் சந்தோஷம் வரும் என்றா நினைத்தீர்கள்? பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தாய் என்று இன்றுவரை நீங்கள் கேட்டதில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

குளிசையை நேரத்துக்கு எடுங்கள்.

றோஸ்

ஹொல்ஸ்டெப்ரோ
17.10.2024

அன்பின் றோஸ்,

படத்தைக் கழற்றிவிட்டேன்.

அவனுக்கு என்ன பெயர் வைத்தாய்? நீ வராவிட்டாலும் இதை மட்டும் எழுது.

ஸ்ரனிஸ்லாஸ்

கோல்டிங்
21.10.2024

கிளோறியாவின் அப்பாவுக்கு,

யோவான்.

நவம்பர் இரண்டாந் திகதி, மரித்தோர் நாளில், அவனுக்காக இங்கே பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். காலை பத்து மணிக்கு. மகளுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன், ஸ்ரேஷனுக்கு வந்து உங்களைக் கூட்டிவருவாள். கோயிலில் என் பக்கத்தில் இருக்கலாம். அவனுக்காக நாம் இரண்டு பேரும் சேர்ந்து அழுததே இல்லை.

பின்னேர ரெயினில் நீங்கள் திரும்பிப் போங்கள். நான் வரமாட்டேன்.

றோஸ்